ரங்கண்ணாவை நமக்குத் தந்தவர்



சில மாதங்களுக்கு முன் நம் பத்திரிகைக்காக ஒரு சிறுகதை எழுத உட்கார்ந்தேன். எனக்குச் சிறுவயதில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்தான் கதாநாயகர். பெயரை மட்டும் மாற்றிவிட்டு, அவருடைய ஞானம், முன்கோபம், கடன், சீட்டாட்டம் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதினேன். நீலசந்திராவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் அகத்துக்காரி அதைப் படித்தாள். வாத்தியார் மாமி இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கதையை மடித்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலை எடுத்தேன். சங்கீதக்காரர்களைக் கதையில் எப்படி எழுதுவது என்பதை அவரிடம் கற்கலாம் என்று தோன்றியது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி நானறிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஜானகிராமன் 1921-ல் தஞ்சை ஜில்லா மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் பிறந்தார். தகப்பனார் தியாகராஜ சாஸ்திரிகள் ராமாயணப் பிரவசனம் செய்தவர். ஆகவே கதையும் சுருதியும் சேர்ந்தே அந்தக் குழந்தையின் காதில் விழுந்திருக்கும். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் படித்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரி நாட்களில் எம்.வி. வெங்கட்ராம், அங்கே வழிகாட்டியாகக் கு.ப. ராஜகோபாலன் என்று இலக்கியச் சேர்க்கை நன்றாக அமைந்தது. சங்கீதத்தையும் அவர் முறையாகக் கற்றுக்கொண்டார். கச்சேரி மேடைக்கு வராவிட்டாலும் அந்தக் கல்வி வீண் போகவில்லை, எல்லாம் எழுத்தில் வந்து சேர்ந்தது.

சுமார் பத்து வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பிறகு அகில இந்திய வானொலியில் கல்வி ஒலிபரப்புப் பிரிவில் சேர்ந்தார். 1968-ல் டில்லிக்கு மாற்றலாகி, தலைமைக் கல்வி ஒலிபரப்பு அமைப்பாளராக உயர்ந்து, 1981-ல் ஓய்வு பெற்றார். பகலெல்லாம் ஆபீஸ் வேலை, மிச்ச நேரத்தில் எழுத்து. நம்மில் பலரையும்போல மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்தான்.

'மோகமுள்' 1950-களில் சுதேசமித்திரனில் தொடராக வந்தது. பாபு என்ற கல்லூரி மாணவன், அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனா, பாட்டு வாத்தியார் ரங்கண்ணா என்ற மூவரைச் சுற்றியது கதை. சங்கீத உலகைப் பற்றிய கதை என்றால் பலருக்குக் கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்ற பெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' நினைவுக்கு வரும். அதில் மேடை, போட்டி, ஊர் ஊராகப் பயணம் எல்லாம் கண்முன் வரும். ஜானகிராமன் நம்மை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போகிறார். விடியற்காலைச் சாதகமும் ஒரு ஸ்வரம் சரியாக நிற்காத தவிப்பும்தான் அவருக்கு முக்கியம். ரங்கண்ணாவுக்குச் சங்கீதம் பிழைப்பு அல்ல, உபாசனை. குரல் பக்குவப்படாமல் மேடை ஏறுவதில்லை என்று பாபு பிடிவாதமாக இருக்கிறான். அதே பாபுவின் மனது ஆசையிலும் தடுமாறுகிறது. அதை ஆசிரியர் மறைக்கவுமில்லை, பரிகசிக்கவுமில்லை.

'செய்தி' என்ற சிறுகதையையும் சொல்லவேண்டும். நாகஸ்வர வித்வான் ஒருவர், சினிமா மெட்டுகளில் மயங்கிக் கிடக்கும் மகனை நினைத்து மனம் கசந்திருக்கிறார். வக்கீல் வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த சங்கீதக் கோஷ்டிக்கு முன் வாசிக்கிறார். அவர்களில் போல்ஸ்கா என்பவர் தியாகராஜரின் சாமா ராகக் கீர்த்தனையைக் கேட்டு நெகிழ்ந்துபோகிறார். சாஹித்யத்தின் பாஷை தெரியாமலே அதிலுள்ள சாந்தியை உணர்கிறார். நாதத்தை உள்ளே அனுபவித்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

'அம்மா வந்தாள்' 1966-ல் வந்தபோது நம்மவர்களில் பலர் கோபித்துக்கொண்டார்கள். வேதம் படிக்கும் பிள்ளை, தடம் தவறிய தாய் என்று எழுதலாமா என்று பேச்சு எழுந்தது. எங்கள் வீட்டிலும் என் தகப்பனார் அந்தப் புத்தகத்தை உள்ளே சேர்க்கவில்லை. பல வருஷம் கழித்து ஒளிந்து படித்தேன். அந்த அம்மாவை வெறுக்க எனக்கு மனம் வரவில்லை. யாரையும் அவமானப்படுத்த அவர் எழுதவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

பெங்களூர்வாசிகளான எங்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. சிட்டியுடன் சேர்ந்து காவிரிக் கரையோரம் பயணம் செய்து அவர் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971-ல் வெளிவந்தது. குடகிலிருந்து பூம்புகார் வரை நதியைப் பின்தொடரும் புத்தகம். எங்கள் குழாயில் வருவதும் அந்தக் காவேரி ஜலம்தான்.

1979-ல் 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. ஓய்வுக்குப் பின் 'கணையாழி' ஆசிரியராகச் சிறிது காலம் இருந்தார். 1982 நவம்பர் 18 அன்று சென்னையில் காலமானார். வயது அறுபத்தொன்றுதான். 1995-ல் ஞான ராஜசேகரன் 'மோகமுள்'ளைத் திரைப்படமாக எடுத்தார். இளையராஜா இசை, ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு. அந்தப் படத்தின் மூலம் புத்தகத்துக்கு வந்த வாசகர்களும் உண்டு.

சாமராஜப்பேட்டையில் கோட்டை ஹைஸ்கூல் மைதானத்து ராமநவமிக் கச்சேரிகளுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ரங்கண்ணா நினைவு வரும். மேடையில் பாடுகிறவருக்குப் பின்னால், பெயர் தெரியாத ஒரு வாத்தியார் எங்கோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பார் அல்லவா?

இப்போது என் கதையைத் திரும்ப எடுத்திருக்கிறேன். கடனையும் சீட்டையும் அடித்துவிட்டேன். அவை எழுதக்கூடாதவை என்பதற்காக அல்ல. என் கதையில் அவை வம்பாக நின்றன, ஜானகிராமன் கையில் இருந்தால் மனுஷத்தனமாக ஆகியிருக்கும். அவ்வளவு எனக்கு வராது. ஒரு நாள் விடியற்காலை, நான் அபஸ்வரமாகப் பாடியதைக் கேட்டு வாத்தியார் கோபிக்காமல் தம்பூராவை மறுபடி சுருதி கூட்டிய அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் எழுதியிருக்கிறேன். முதல் பிரதியை மாமிக்கு அனுப்பப் போகிறேன். அவர் சரி என்று சொன்னால் அடுத்த இதழில் சந்திப்போம்.