மூன்றாம் தடவை பாஸானவர்



தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளான நமக்குப் பழைய சோறு புதிதில்லை. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு விடிவதற்குள் லேசாகப் புளித்திருக்கும். பாக்டீரியாக்களின் வேலை அது. சோற்றின் மாவுச்சத்தில் கிடைக்கும் சர்க்கரையை உடைத்து, வரும் சக்தியை ஏ.டி.பி. என்ற மூலக்கூறில் சேர்த்துக்கொண்டு, மிச்சத்தை லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகின்றன. நம் பெருங்குடலிலும் ஏறக்குறைய இதே கூத்துதான். ஆக்ஸிஜன் இல்லாத அந்த இடத்தில் நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைத் தின்று ஏ.டி.பி. சேர்க்கின்றன. அவை கழிவாக விடும் அமிலங்கள் நம் குடல் சுவருக்கு உணவு!

இந்த ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் மெட்ரிகுலேஷனை மூன்றாம் தடவைதான் பாஸ் பண்ணினார் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. (என் அரியர் கணக்கை யாரும் கேட்க வேண்டாம்.)

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமாவரத்தில் பிறந்தார். அது கோதாவரி டெல்டா, நம்ம ஊர் மாதிரியே நெல் விளையும் பூமி. அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயில் எட்டு நாள் இடைவெளியில் இறந்தார்கள். அவருக்கும் அது வந்து, எப்படியோ பிழைத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆபரேஷன் தியேட்டருக்குக் கதர் உடுத்திப் போனது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் வந்தது. டிப்ளமோதானே என்ற பேச்சைக் கேட்டுப் பழகிய நமக்கு அந்த வலி புரியும்.

பாஸ்டனில் ராத்திரி வேலையாக ஆஸ்பத்திரியில் பெட்பேன் கழுவிக்கொண்டு ஹார்வர்டில் படித்தார். 1929-ல் ஃபிஸ்கேயும் அவரும் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமன் அதே ஆண்டு தனியாகக் கண்டார். ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

அங்கே ஒரு பாக்டீரியா கைகொடுத்தது. குடல் பாக்டீரியாக்களில் பல, ஃபோலேட் சத்தைத் தாமே தயாரித்துக்கொள்ளும். லாக்டோபேசில்லஸ் கேசிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, வெளியிலிருந்து கொடுத்தால்தான் வளரும். ஆகவே எந்தச் சாற்றில் அது செழிக்கிறதோ அதில் சத்து இருக்கிறது. நம்ம லேப் மீட்டர் மாதிரி, ஆனால் உயிருள்ள மீட்டர்! 1945-ல் சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு ரத்தம் ஊறியது.

ஸ்ப்ரூவில் சிறுகுடலில் பாக்டீரியாக்கள் அளவுமீறிப் பெருகுகின்றன என்பது பிற்பாடு தெரிந்தது. அதற்கான மருந்தும் அவர் தலைமையில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்திலேயே பிறந்திருந்தது. 1948-ல் டக்கர் அங்கிருந்து அறிவித்த ஆரியோமைசின்தான் டெட்ராசைக்ளின் இனத்தில் முதல் மருந்து. இன்றைக்கும் ஸ்ப்ரூவுக்கு ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

அதே 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53. ஊருக்குத் திரும்பவே இல்லை. 1995-ல் நம் தபால் துறை அவர் படம் போட்ட ஸ்டாம்பு வெளியிட்டது.