எல்லை தாண்டிய குரல்

அமெரிக்கர்கள் பாட்டையும் பட்டியல் போட்டு விற்பவர்கள். எந்த இசைத்தட்டு எவ்வளவு விற்றது, எந்த வானொலி எதை எத்தனை முறை ஒலிபரப்பியது என்று கணக்கெடுத்து, பில்போர்ட் என்னும் பத்திரிகை வாரந்தோறும் வரிசை எண் கொடுத்துவிடும். அந்தக் கணக்கிலும் ஒருவகைச் சாதி உண்டு. தென்மாநிலங்களில் வயலும் மலையுமாக வாழ்ந்த வெள்ளையரின் பாட்டுக்குக் கன்ட்ரி என்று ஒரு பட்டியல்; நகரத்தாரின் பாட்டுக்குப் பாப் என்று மற்றொன்று; கறுப்பு மக்களின் பாட்டுக்கு மூன்றாவது ஒன்று. ஒன்றில் பிறந்த பாட்டு இன்னொன்றில் புகுவது 1950களில் எளிதாக இல்லை. அப்படிப் புகுந்த ஒரு பாட்டையும், அதைப் பாடிய பெண்ணையும் பற்றி எழுத எனக்கு நெடுநாளாக ஆசை. அவர் பெயர் பேட்சி கிளைன்.

அது பெற்றோர் இட்ட பெயர் அன்று. 1932 செப்டம்பர் 8ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்து வின்செஸ்டரில் பிறந்த அக்குழந்தைக்கு வர்ஜீனியா பேட்டர்சன் ஹென்ஸ்லி என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் ஓர் இசைக்குழுத் தலைவர், பேட்டர்சன் என்பதைச் சுருக்கிப் பேட்சி ஆக்கினார். கிளைன் என்பது, 1953இல் மணந்து சில ஆண்டுகளில் விலகிய முதல் கணவரின் குடும்பப் பெயர். உலகம் அறிந்த அந்தப் பெயரில் அவருடைய சொந்தம் என்று பாதிகூட இல்லை!

தாய் ஹில்டா, மகளைப் பெற்றபோது தாமே பதினாறு வயதுச் சிறுமி. தையல் அறிந்தவர். பேட்சிக்குப் பதின்மூன்று வயதில் கடுமையான தொண்டை நோயும் வாதக் காய்ச்சலும் வந்தன. அந்த நோயிலிருந்து எழுந்தபோதுதான் தமக்கு இந்தக் கனத்த குரல் வாய்த்தது என்று அவர் பிற்காலத்தில் சொல்லி வந்தார். அறிவியல் மாணவனாகிய எனக்கு இதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அந்த வயதில் குரல் எப்படியும் மாறத்தான் செய்யும். ஆனால் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்ட ஒரு சிறுமி அவ்வாறு நம்பியதில் வியப்பும் இல்லை.

பதினைந்து வயதில் தந்தை குடும்பத்தை விட்டுப் போனார். பள்ளிப் படிப்பு நின்றது. பகலில் மருந்துக்கடையில் சோடா கலந்து கொடுக்கும் வேலை. இரவில் கிடைத்த மேடையிலெல்லாம் பாட்டு. மகள் மேடை ஏறுவதற்காக ஹில்டா இரவெல்லாம் தைத்தார். மாடு மேய்க்கும் வீரர்களின் பாணியில் குஞ்சலமும் பூவேலையும் வைத்த உடைகள் அவை. அந்த உடையும், குரலை மார்பிலிருந்து உச்சிக்கு ஒரு துள்ளலில் ஏற்றி இறக்கும் யோடல் பாட்டும்தான் பேட்சிக்கு உயிர். கன்ட்ரி என்றால் அவருக்கு அதுவே.

1954இல் ஃபோர் ஸ்டார் என்ற இசைத்தட்டு நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இவர் வாழ்க்கையின் பெரிய சுமை அந்தத் தாள்தான். அந்த நிறுவனம் உரிமை வைத்திருந்த பாடல்களை மட்டுமே அவர் பதிவு செய்யலாம். வேறு நல்ல பாட்டு எங்கிருந்து வந்தாலும் தொடக் கூடாது. விற்பனைப் பங்கோ மிகக் குறைவு. அதிலிருந்தும் பதிவுச் செலவைக் கழித்துக்கொள்வார்கள். பாடகி தன் குரலை விற்கலாம். எதைப் பாடுவது என்று முடிவு செய்யும் உரிமையையும் சேர்த்து விற்கச் செய்தால் அதை வாணிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் வெளிவந்த தட்டுகள் எவையும் ஓடவில்லை.

அந்தப் பாடல் குவியலில் ஒன்றுதான் நள்ளிரவுக்குப் பின் தனியே நடந்து காதலனைத் தேடும் பெண்ணின் பாட்டு: 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்'. ஆலன் பிளாக், டான் ஹெக்ட் என்னும் இருவர் இயற்றியது. அவர்கள் அதை கே ஸ்டார் என்ற பாப் பாடகியை மனத்தில் வைத்து எழுதினார்கள். பேட்சிக்கு அது பிடிக்கவில்லை. இது கன்ட்ரியே அன்று என்று மறுத்தார். தமக்குப் பிடித்த வேறு ஒரு பாட்டையும் பதிவு செய்ய விட்டால் இதையும் பாடுகிறேன் என்று பேரம் பேசி, 1956 நவம்பரில் நாஷ்வில் நகரில் பாடி முடித்தார்.

அடுத்தது நியூயார்க். ஆர்தர் காட்ஃப்ரே நடத்திய திறமை தேடும் போட்டி, தொலைக்காட்சியில் நாடெங்கும் தெரியும். போட்டியாளரை ஒருவர் அழைத்து வந்து அறிமுகம் செய்ய வேண்டும். உறவினர் செய்யக் கூடாது. ஹில்டா தம்மைத் தாய் என்று காட்டிக்கொள்ளாமல், ஊரிலிருந்து வந்த அறிமுகக்காரர் போல அமர்ந்தார். 1957 ஜனவரி 21. பேட்சி தாய் தைத்த உடையில் பாட வந்திருந்தார். நிகழ்ச்சிக்காரர்கள் அதை ஒதுக்கி, நகரத்துப் பெண்கள் விருந்துக்கு அணியும் கவுனை உடுத்தச் சொன்னார்கள். அவர் பாட விரும்பிய பாட்டையும் தள்ளிவிட்டு, அந்த நள்ளிரவுப் பாட்டையே பாடச் சொன்னார்கள். பெற்றவள் யாரோ போல அமர்ந்திருக்க, பிடிக்காத உடையில் பிடிக்காத பாட்டைப் பாடி அவர் வென்றார்.

ஊரை விட்டு வந்து படிக்கும் நமக்கு, எந்த உடையில் எந்த மேடை ஏறுவது என்பது அற்பக் கேள்வியாகத் தோன்றாது. இந்தக் கட்டத்தில் என் மனம் இரண்டாகத்தான் நிற்கிறது. தேர்ந்தெடுத்தவர்கள் சந்தையை அறிந்தவர்கள். அவர்கள் கணிப்பு பலித்தது. தட்டு வெளிவந்து கன்ட்ரிப் பட்டியலில் 2ஆம் இடத்தையும் பாப் பட்டியலில் 12ஆம் இடத்தையும் பிடித்தது. ஆனாலும் அந்தத் தட்டைக் கேட்டால், பின்னால் ஸ்டீல் கிட்டார் இழைந்துகொண்டே இருக்கிறது. உச்சத்துக்குப் போகுமிடத்தில் அவர் குரல் யோடல் பழகிய தொண்டைக்கே உரிய ஒரு சிறு விம்மலோடு உடைகிறது. உடையை மாற்றினார்கள், தொண்டையை மாற்ற முடியவில்லை.

பெயர் வந்தது, பணம் வரவில்லை. ஒப்பந்தம் 1960 வரை கழுத்தைப் பிடித்திருந்தது. இடையில் சார்லி டிக் என்பவரை மணந்து, ஒரு மகளையும் பெற்றார். இரண்டாவது வெற்றி மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் வரவில்லை.

விடுதலை பெற்றதும் டெக்கா நிறுவனம் அவரை நேரடியாக எடுத்துக்கொண்டது. பதிவை நடத்தியவர் ஓவன் பிராட்லி. ராக் அண்டு ரோல் வந்து கன்ட்ரித் தட்டுகளின் விற்பனையைக் கவிழ்த்திருந்த காலம் அது. பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, மென்மையான பியானோவையும் கூட்டுக்குரலையும் முன்னே கொண்டுவந்தால் நகரத்தார் காது கொடுப்பார்கள் என்று பிராட்லி கருதினார். அவருடைய பதிவுக்கூடம், போர்க்காலத்தில் படைக்காகச் செய்யப்பட்ட அரை உருளை வடிவத் தகரக் கொட்டகை. வளைந்த கூரை ஒலியை ஓரிடத்தில் குவித்துக் கெடுக்கும் என்பது இளநிலை இயற்பியல் படித்தவர்க்கும் தெரியும். அந்தக் கொட்டகையை அடக்கி ஆண்டு அவர் எடுத்த பதிவுகளில் மூச்சு இழுக்கும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்கிறது.

'ஐ ஃபால் டு பீசஸ்' பாட்டையும் பேட்சி முதலில் விரும்பவில்லை. பின்னணிக்கு ஜோர்டனேர்ஸ் என்ற ஆண்குரல் குழுவை அழைத்ததும், நான்கு ஆண்கள் சேர்ந்து தம் குரலை மூழ்கடித்துவிடுவார்கள் என்று கலங்கினார். 1961 தொடக்கத்தில் வெளிவந்த அந்தத் தட்டு மெல்ல மெல்ல ஏறியது. அது ஏறிக்கொண்டிருந்த போதே, ஜூன் 14 அன்று நாஷ்வில்லில் கார்கள் நேருக்கு நேர் மோதின. பேட்சி கண்ணாடியில் வீசப்பட்டார். நெற்றி கிழிந்தது, இடுப்பு மூட்டு விலகியது, மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் ஒரு மாதம். பாட்டு கன்ட்ரிப் பட்டியலின் முதலிடத்தைத் தொட்டபோது பாடியவர் ஊன்றுகோலில் இருந்தார்.

அந்த ஊன்றுகோலோடுதான் ஆகஸ்ட் 21 அன்று 'கிரேசி' பதிவுக்கு வந்தார். எழுதியவர் வில்லி நெல்சன், அப்போது பெயர் தெரியாத இளைஞர். தாளத்துக்குப் பின்தங்கிப் பேசுவது போல அவர் பாடிய மாதிரிப் பதிவைக் கேட்டுப் பேட்சி இதையும் வெறுத்தார். உம் வழியில் பாடும் என்று விட்டார்கள். மூன்று மணி நேரத்தில் நான்கு பாட்டு முடிக்கும் ஊர் அது. இந்த ஒரு பாட்டுக்கு நான்கு மணி நேரம் போயிற்று. விபத்தில் அடிபட்ட விலா, நீண்ட சுரத்துக்கு மூச்சு பிடிக்க விடவில்லை. பிராட்லி வாத்தியங்களை மட்டும் பதிந்து வைத்து அவரை அனுப்பிவிட்டார். சில வாரம் கழித்து வந்து, ஒரே மூச்சில் என்பார்களே, அப்படி ஒரே தடவையில் பாடி முடித்தார். பாப் பட்டியலில் 9ஆம் இடம். அவர் வாழ்நாளில் பாப் பட்டியலில் தொட்ட உச்சம் அதுதான். தாம் மறுத்துப் போராடிய மூன்று பாட்டுகளே தம்மைத் தூக்கி நிறுத்தியது பற்றி அவர் சிரித்திருப்பாரா, சினந்திருப்பாரா? இரண்டும் செய்யக்கூடியவர்தான்.

அதே ஆண்டு நவம்பரில், மேல்நாட்டுச் சாஸ்திரிய இசைக்குப் பேர்போன நியூயார்க் கார்னகி மண்டபத்தில் நாஷ்வில் குழுவினரோடு பாடினார். இப்போது முன்பணம் கைக்கு வராமல் மேடை ஏறுவதில்லை என்று பிடிவாதம். பழைய தாள் கற்பித்த பாடம். புதிதாக வந்த பெண் பாடகிகளுக்கு வாடகைக்கும் துணிக்கும் கொடுத்து உதவியவரும் அவரே.

1963 மார்ச் 3ஆம் நாள் கன்சாஸ் நகரில், விபத்தில் இறந்த ஒரு வானொலி அறிவிப்பாளரின் குடும்பத்துக்கு நிதி திரட்டப் பாடினார். மறுநாள் மூடுபனி. 5ஆம் நாள் மேலாளர் ராண்டி ஹியூஸ் தாமே ஓட்டிய சிறு விமானத்தில் கிளம்பினார்கள். வழியில் டயர்ஸ்பர்க்கில் இறங்கியபோது, வானிலை சரியில்லை, இரவு தங்கிப் போங்கள் என்று விமான நிலையத்தார் சொன்னார்கள். ஹியூஸுக்குக் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதி இல்லை. மாலை 6 மணி 7 நிமிடத்துக்குப் புறப்பட்டார்கள். கேம்டன் அருகே காட்டில் விழுந்த விமானத்தில் கிடைத்த கைக்கடிகாரம் 6.20இல் நின்றிருந்தது. நால்வரும் இறந்தனர். பேட்சிக்கு முப்பது வயது.

1973இல் கன்ட்ரி இசைப் புகழ்க்கூடத்தில் தனிப் பெண் பாடகியாக முதன்முதல் இடம் பெற்றவர் அவரே. இறந்த பின் 1967இல் வந்த தொகுப்புத் தட்டு ஒரு கோடிக்கு மேல் விற்றது. தாய் ஹில்டா 1998 வரை வாழ்ந்தார். வின்செஸ்டரில் அவர்கள் குடியிருந்த சிறிய வீடு 2011இலிருந்து காட்சியகமாகத் திறந்திருக்கிறது.