பவுல்: இரு மார்க்கங்களின் நடுவே நின்றவர்

நம்முடைய மேடைகளில் கிறிஸ்தவ மதத்தைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் பவுல் என்ற பெயர் அடிபடுவது வழக்கம். ஈசா நபி (அலை) அவர்கள் போதித்த மார்க்கம் வேறு, பவுல் பரப்பிய மதம் வேறு என்று ஒரே மூச்சில் கூறி முடித்து விடுகிறோம். ஆனால் அந்தப் பவுல் யார், எந்த ஊரில் பிறந்தார், யாரோடு வழக்காடினார், அவ்வழக்கு எதைப் பற்றியது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோருக்கு விடை தெரியாது. ஒருவரை ஏற்பதானாலும் மறுப்பதானாலும், முதலில் அவருடைய சரித்திரத்தை உள்ளபடி அறிந்து கொள்வதே முறை. அதிலும், யூத மார்க்கத்துக்குள் ஒரு கூட்டமாக இருந்தது எவ்வாறு தனி மதமாயிற்று என்ற வரலாறு இவருடைய வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது.

கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டில் உள்ள 27 நூல்களில் 13 கடிதங்கள் பவுலின் பெயரைத் தாங்கியவை. அவற்றில் ஏழு கடிதங்களை அவரே எழுதினார் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஏறக்குறைய ஒருமித்த கருத்து இருக்கிறது. கி.பி. 50-க்கும் 60-க்கும் இடையில் எழுதப்பட்ட இக்கடிதங்கள், சுவிசேஷங்கள் நான்குக்கும் முந்தியவை. இன்று கிடைக்கும் கிறிஸ்தவ எழுத்துக்களிலேயே பழமையானவை. இவை தவிர, அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூலும் அவர் வரலாற்றைக் கூறுகிறது. அது அவர் காலத்துக்குப் பின் எழுதப்பட்டது. ஆதலால் கடிதங்களை முதலாவதாகவும், நடபடிகளை அடுத்ததாகவும் கொள்வதே பொருத்தம்.

பிறப்பும் வளர்ப்பும்

சின்ன ஆசியாவின் தென்கரையை அடுத்து, இன்றைய துருக்கி நாட்டில், தர்ஸுஸ் என்றொரு பழம்பெரும் நகரம் உண்டு. அப்பாஸியக் கலீபா மஃமூன் கி.பி. 833-ல் அடக்கம் செய்யப்பட்ட ஊர் என்று இஸ்லாமிய சரித்திரம் படித்தோர் அதனை அறிவர். அதற்கு எண்ணூறு வருஷங்களுக்கு முன் அவ்வூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவரே பவுல் என்று நடபடிகள் கூறுகிறது. பனீ இஸ்ராயீல்களில் பென்யமீன் கோத்திரத்தைச் சேர்ந்த குடும்பம் அது. நாம் தாலூத் என்று அறியும் மன்னரும் அக்கோத்திரத்தவரே. யூதர்கள் அம்மன்னரைச் சவுல் என்பர். அப்பெயரே இப்பிள்ளைக்கும் வழங்கிற்று. பவுல் என்பது ரோமப் பெயர். லத்தீன் மொழியில் அதற்குச் சிறியவர் என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் அந்நாளில் அவரைச் சின்னப்பர் என்று அழைத்ததன் காரணமும் இதுவே.

பிறந்த எட்டாம் நாளில் அவருக்குக் கத்னா செய்யப்பட்டது. மூஸா நபி (அலை) அவர்களின் ஷரீஅத்தை நுணுக்கமாகப் பேணிய பரிசேயர் பிரிவில் சேர்ந்தார். ஜெருசலத்தில் கமாலியேல் என்ற பேரறிஞரிடம் ஓதினார் என்று நடபடிகள் சொல்லுகிறது. கூடாரம் செய்வது அவர் கைத்தொழில். பின்னாளில் போதகராக ஊர் ஊராய்ச் சுற்றிய காலத்திலும் இரவும் பகலும் உழைத்து அத்தொழிலாலேயே பிழைத்தார்.

திமிஷ்க் சாலையில்

அக்காலத்தில் ஜெருசலத்தில் இருந்த ஈசா நபியவர்களின் தோழர்கள் யாவரும் யூதர்களே. அவர்கள் பைத்துல் முகத்தஸ் ஆலயத்தில் தொழுதனர். சனிக்கிழமை ஓய்வைப் பேணினர். விலக்கப்பட்ட உணவை உண்ணவில்லை. பிள்ளைகளுக்குக் கத்னா செய்தனர். யூதர்களுக்குள் பரிசேயர், சதுசேயர், எஸ்ஸேனியர் எனப் பல பிரிவினர் இருந்தது போல, ஈசா நபியே மஸீஹ் என்று நம்பிய இவர்களும் ஒரு பிரிவினராகவே இருந்தனர். கிறிஸ்தவர் என்ற பெயர்கூட அப்போது பிறக்கவில்லை.

இக்கூட்டத்தாரைக் கடுமையாகத் துன்புறுத்தினார் சவுல். இதனைத் தம் கடிதங்களில் அவரே வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறார். ஸ்தேவான் என்பவரை ஜனங்கள் கல்லெறிந்து கொன்றபோது, கொன்றவர்களின் மேலாடைகள் இவர் காலடியில் வைக்கப்பட்டன என்று நடபடிகள் கூறும். பின்னர், சுமார் கி.பி. 33-க்கும் 36-க்கும் இடையில், திமிஷ்க் நகருக்குச் செல்லும் வழியில், தாம் மஸீஹைக் காட்சியில் கண்டதாக அவர் சொன்னார். அன்று முதல் துன்புறுத்தியவரே தூதுரைப்பவரானார். ஈசா நபியவர்களின் உலக வாழ்க்கையில் உடனிருந்த ஹவாரிய்யூன்களில் இவர் ஒருவரல்லர் என்பது நாம் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி. இவருடைய அதிகாரத்தைப் பற்றி அந்நாளிலேயே கேள்வி எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து அவர் ஜெருசலத்துக்குப் போகவில்லை. அரபு நாட்டுக்குப் போனார். நபத்திய அரபுகளின் மன்னர் நான்காம் ஹாரிதாவின் அதிகாரி திமிஷ்கில் அவரைப் பிடிக்கக் காவல் வைத்தபோது, கோட்டைச் சுவரின் பலகணி வழியே கூடையில் இறக்கப்பட்டுத் தப்பினார். மூன்று வருஷங்களுக்குப் பின்னரே ஜெருசலம் சென்று பேதுருவுடன் 15 நாட்கள் தங்கினார். அங்கே ஈசா நபியவர்களின் சகோதரர் எனப்படும் யாக்கோபையும் சந்தித்தார். இவர் எவ்வகையில் உறவினர் என்பதில் கிறிஸ்தவப் பிரிவுகளிடையே கருத்து வேறுபாடுண்டு. ஆனால் ஜெருசலம் கூட்டத்தின் தலைவராக அவர் விளங்கியதில் வேறுபாடில்லை.

வழக்கின் கரு

பவுல் சின்ன ஆசியாவிலும் கிரேக்க நாட்டிலும் பயணம் செய்தார். அங்கெல்லாம் யூதர்களின் தொழுமிடங்கள் இருந்தன. கிரேக்கர்களில் சிலர், விக்கிரக வணக்கத்தில் வெறுப்புற்று, ஏக இறைவனை வணங்க நாடி அவ்விடங்களுக்கு வந்து போயினர். ஆனால் கத்னா செய்து முழு யூதராக மாற அவர்களில் பெரும்பாலோர் துணியவில்லை. வயது வந்தவருக்கு அது வேதனை மிக்கது. கிரேக்க சமூகமோ அதனை இழிவாகக் கருதியது. பவுலின் போதனையைக் கேட்டு அணியணியாய் வந்தோர் இத்தகையோரே.

வந்தவர்களை என்ன செய்வது? இதுதான் வழக்கு. யூதராக மாறிய பின்னரே கூட்டத்தில் சேரலாம் என்றது ஒரு கட்சி. விக்கிரகங்களை விட்டொழித்து, ஏக இறைவனை வணங்கி, மஸீஹை நம்பி, ஒழுக்கத்தோடு வாழ்ந்தால் போதும். கத்னா வேண்டியதில்லை என்றார் பவுல்.

இவ்வழக்கின் நடுவே இரு கட்சியாரும் கொண்டு வந்து நிறுத்தியது நம் தந்தை இப்ராஹீம் நபி (அலை) அவர்களையே. யூதர்களிடமுள்ள வேதத்தின்படி அப்பெருமானார் தம் 99-ஆம் வயதில் இறைவன் கட்டளைப்படி கத்னா செய்து கொண்டார்கள். அதுவே உடன்படிக்கையின் அடையாளம். அதை எப்படி விடுவது என்று கேட்டது ஒரு கட்சி. அந்தக் கட்டளை வருமுன்னரே இப்ராஹீமின் ஈமான் இறைவனால் ஏற்கப்பட்டு விட்டதாக அதே வேதம் கூறுகிறதே என்று வாதித்தார் பவுல். வேதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அவர் பேசவில்லை. வேதத்தைக் கொண்டே வாதாடினார். ஒரு பரிசேயர் மற்றொரு பரிசேயரோடு வாதாடும் முறை அது.

கி.பி. 48-க்கும் 50-க்கும் இடையில் அவர் பர்னபா என்ற தோழருடன் ஜெருசலம் சென்று யாக்கோபு, பேதுரு, யோவான் மூவரையும் கண்டு பேசினார். யூதர்களிடையே பேதுருவும், மற்ற ஜனங்களிடையே பவுலும் ஊழியம் செய்வதென்று கை கொடுத்து முடிவாயிற்று. ஜெருசலத்து ஏழைகளை மறவாதிருக்க வேண்டும் என்பது மட்டுமே தம்மிடம் கேட்கப்பட்டது என்கிறார் பவுல். ஆனால் நடபடிகளின்படி, யூதரல்லாதார் விக்கிரகங்களுக்குப் படைத்த உணவையும், இரத்தத்தையும், கழுத்து நெரித்துக் கொன்றவற்றையும், விபசாரத்தையும் விலக்க வேண்டும் என்று யாக்கோபின் தலைமையில் கட்டளை எழுதப்பட்டது. ஹலால் ஹராம் பேணும் நமக்கு இப்பட்டியல் புதியதன்று.

பந்தியில் வந்த பிளவு

முடிவு நிலைக்கவில்லை. சிரியாவைச் சேர்ந்த பெருநகரமாயிருந்த அந்தியோக்கியாவில் யூதரும் மற்றவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு வந்தனர். அங்கு வந்த பேதுருவும் அவ்வாறே உண்டார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அவர் பந்தியை விட்டு எழுந்து விலகினார். நெடுநாள் தோழரான பர்னபாவும் அவ்வாறே விலகினார். எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவைப் பவுல் கண்டித்தார். பேதுரு இணங்கினார் என்று பவுல் எங்கும் எழுதவில்லை. அன்று அவர் தனித்து நின்றார் என்றே தோன்றுகிறது. கிறிஸ்தவர் என்ற பெயர் முதன்முதல் வழங்கியதும் இதே அந்தியோக்கியாவில்தான்.

அதன் பின்னும் பவுல் தம் குலத்தை விட்டு வெளியேறவில்லை. யூதத் தொழுமிடங்களில் ஐந்து முறை, முறைக்கு 39 அடிகள் வாங்கியதாக அவர் எழுதுகிறார். தாம் வேறு மதத்தவர் என்று கூறி ஒதுங்கியிருந்தால் அத்தண்டனைக்கு அவர் உட்பட்டிருக்க வேண்டியதில்லை. முதுகில் அடி விழுந்தாலும் தம் ஜனங்களின் அதிகாரத்துக்குட்பட்டே நின்றார். தம் இனத்தாரை நினைத்து ஓயாத துக்கம் கொண்டிருந்ததையும் ரோமாபுரியாருக்கு எழுதிய கடிதத்தில் வெளியிடுகிறார். இறைவன் அவர்களைக் கைவிட்டு விடவில்லை என்பதே அவர் முடிவு.

கடைசிப் பயணம்

ஏழைகளை மறவேன் என்ற வாக்கை அவர் மறக்கவில்லை. மக்கெதோனியாவிலும் கிரேக்கத்திலும் வருஷக் கணக்கில் நிதி திரட்டி, சுமார் கி.பி. 57-ல் ஜெருசலம் கொண்டு வந்தார். அங்கே தமக்கு ஆபத்து நேரலாம் என்று முன்னரே அஞ்சியும் வந்தார். ஷரீஅத்தைக் கைவிடும்படி அவர் யூதர்களுக்குப் போதிப்பதாகப் பரவியிருந்த வதந்தியை அடக்க, ஆலயத்தில் நேர்ச்சை நிறைவேற்றிய நால்வருடன் சேர்ந்து சுத்திகரிப்புச் செய்து, அவர்கள் செலவையும் ஏற்கும்படி அவரிடம் சொன்னார்கள். அவரும் அவ்வாறே செய்தார் என்கிறது நடபடிகள்.

அப்போது, அந்நியர் ஒருவரை ஆலயத்தின் உட்பிராகாரத்துக்குள் இவர் அழைத்து வந்து விட்டார் என்று கூச்சல் எழுந்தது. அந்நியர் உட்புகுந்தால் மரண தண்டனை என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் கல்வெட்டு 1871-ல் ஜெருசலத்தில் கண்டெடுக்கப்பட்டது. அது இஸ்தான்புல் நகரின் தொல்பொருள் காட்சிசாலையில் இருக்கிறது. கூட்டம் அவரை அடித்துக் கொல்ல முற்பட்ட வேளையில் ரோமச் சிப்பாய்கள் பிடித்துச் சென்றனர். இரண்டு வருஷம் செசரியா நகரில் சிறையிருந்தார். பின்பு சக்கரவர்த்தியிடம் முறையிட்டு ரோமாபுரிக்குக் கப்பலேற்றப்பட்டார். வழியில் மால்டா தீவருகே கப்பல் உடைந்தும் உயிர் பிழைத்தார். ரோமாபுரியில் காவலில் இரண்டு வருஷம் இருந்ததோடு நடபடிகள் முடிகிறது. நீரோ மன்னன் காலத்தில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார் என்பது கிறிஸ்தவர்களின் பழைய பாரம்பரியம்.

யாக்கோபின் முடிவும் அவ்வளவில்தான். கி.பி. 62-ல் தலைமைக் குரு அன்னாஸ் அவரைக் கல்லெறிந்து கொல்லச் செய்தார். ஷரீஅத்தில் கண்டிப்பான யூதர்களே இந்த அநீதியைக் கண்டித்து முறையிட்டனர் என்றும், அதனால் அக்குரு பதவி இழந்தார் என்றும் யூத சரித்திராசிரியர் ஜோஸிபஸ் எழுதுகிறார்.

பின்னர் நேர்ந்தது

கி.பி. 66-ல் யூதர்கள் ரோமரை எதிர்த்துக் கிளர்ந்தனர். கி.பி. 70-ல் ஜெருசலம் வீழ்ந்தது, ஆலயம் எரிந்தது. யாக்கோபின் கூட்டத்தார் நலிந்தனர். ஷரீஅத்தைப் பேணியவாறே ஈசா நபியைப் பின்பற்றிப் பவுலை மறுத்த எபியோனியர் என்ற சிறு பிரிவினரைப் பற்றிப் பின்னூல்களில் காண்கிறோம். பவுல் நிறுவிய யூதரல்லாதாரின் சபைகளோ பெருகின. எனினும் பிரிவு ஒரே நாளில் வந்து விடவில்லை. கி.பி. 386-லும் அதே அந்தியோக்கியாவில் கிறிஸ்தவர் பலர் யூதப் பண்டிகைகளுக்குப் போய் வந்ததால், அதைக் கண்டித்து யோவான் கிரிசோஸ்தோம் என்ற போதகர் பிரசங்கம் செய்ய வேண்டியிருந்தது. முந்நூறு வருஷங்களுக்கு மேலாகியும் இரு கூட்டத்தாரிடையே கதவு முற்றிலும் அடைபடவில்லை.

ஈசா நபி (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், தூதர். தவ்ராத்தை மெய்ப்பிக்க வந்தவர்கள் என்பது நம் ஈமான். அவர்களை இறைவனின் குமாரர் என்றும், சிலுவையில் மரித்தார் என்றும் பவுல் போதித்ததை நாம் ஏற்பதற்கில்லை. இதில் மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு மதத்தை அழித்து மற்றொன்றை உண்டாக்கச் சதி செய்தவர் என்று அவரைச் சித்தரித்தால், சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்லாது. அவர் யூதராய்ப் பிறந்து, யூதராய் வழக்காடி, யூதராகவே தம்மை எண்ணி மடிந்தவர். அவர் தொடங்கியதைத் தனி மதமாக முடித்து வைத்தவை பின் வந்த போரும், ஆலயத்தின் அழிவும், முந்நூறு வருஷ காலமுமே.

நம்முடன் வேலை செய்யும் கிறிஸ்தவ அன்பரிடம் மார்க்கம் பேச நேரும்போது இதனை நினைவில் வைப்போம். நாம் மறுப்பவரைப் பற்றியும் உண்மையையே பேசுவது நம் மீதுள்ள கடமை. பொய்யை ஆதாரமாகக் கொண்டு சத்தியத்துக்கு வாதாடுவது சத்தியத்துக்கே இழுக்கு. நடுநிலை தவறாத நெஞ்சை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.