பெக்காரியாவும் பழித்தூணும்

இத்தாலியின் மிலான் நகரிலே, நாவிதர் ஒருவரின் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிய வெற்று நிலத்தில், 1630ஆம் ஆண்டில் ஒரு கற்றூண் நாட்டப்பட்டது. அவ்வாண்டு கொள்ளைநோய் அந்நகரை வாட்டியது. வீட்டுச் சுவர்களில் நஞ்சுக் களிம்பைப் பூசி நோயைப் பரப்பினர் என்று சிலர்மேற் குற்றஞ் சாட்டினர். சித்திரவதை தாளாது அவர்கள் செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டனர். நீதிமன்றம் அவ்வாக்குமூலத்தையே சான்றாகக் கொண்டு அவர்களைச் சக்கரத்தில் முறித்துக் கொன்றது. அந்த இடத்தில் இனி எவரும் வீடு கட்டலாகாது என்று விதித்துத் தூணையும் நிறுத்தியது. மக்கள் அதனைப் பழித்தூண் என்றனர். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள், 1778 வரை, அது அங்கே நின்றது.

அத்தூண் நின்ற நகரிலே, 1738ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் பிரபு குடும்பமொன்றிற் பிறந்தவர் செசாரே பெக்காரியா. மரண தண்டனையை ஒழிக்க வேண்டுமென்று வாதிடும் எவரும், அறிந்தோ அறியாமலோ, இவருடைய சொற்களையே திருப்பிச் சொல்கின்றனர். ஆயினும் இவரது வாழ்க்கை வீரசரித்திரம் அன்று. கூச்சமும் சோம்பலும் மிக்க ஒரு மனிதரின் கதையையே நான் சொல்லப் புகுகின்றேன்.

பார்மா நகரில் யேசு சபையார் பள்ளியிற் பயின்று, 1758இல் பாவியாவிற் சட்டப் பட்டம் பெற்றார். பின்னர் தெரேசா பிளாஸ்கோ என்னும் பெண்ணைக் காதலித்தார். தந்தையார் சம்மதிக்கவில்லை. அக்காலத்துப் பிரபுக்களுக்கு இருந்த அதிகாரத்தைக்கொண்டு மகனை வீட்டுக்காவலில் வைப்பித்தார். பெக்காரியா வாழ்நாளில் அனுபவித்த சிறை அதுதான். ஆனால் குற்றமற்றவனையும் ஓர் ஆணை அடைத்துவைக்கும் என்பதை அறிய அது போதும் என எண்ணுகின்றேன். 1761இல் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு நண்பர் பியேத்துரோ வெர்ரியின் தூண்டுதலால் இளந்தம்பதியர் தந்தையின் இல்லத்துக்குச் சென்று நிற்க, அவர் மனமிளகினார். அவ்வாண்டே மகள் யூலியா பிறந்தாள்.

வெர்ரியின் வீட்டில் ஓர் இளைஞர் குழாம் கூடுவதுண்டு. தம்மைக் 'குத்துச்சண்டைக் கழகத்தார்' என்று அவர்கள் வேடிக்கையாக அழைத்துக்கொண்டனர். பியேத்துரோவின் தந்தை பழைய சட்டமுறைகளைக் காத்துநின்ற நீதிமன்றத்தில் உறுப்பினர். தம்பி அலெசாந்துரோ சிறைக்கைதிகளின் நலம் பேணும் பதவியில் இருந்தவர். சிறையின் நாற்றமும் சித்திரவதையின் விவரமும் அலெசாந்துரோ வாயிலாகவே பெக்காரியாவின் செவிக்கு எட்டின. எழுதத் தூண்டியவரோ மூத்தவர். கருத்துக்களை மணிக்கணக்காய்ப் பேசி, சிறிது எழுதிச் சோர்ந்துவிடும் பெக்காரியாவை விடாது உந்தி நூலை முடிப்பித்த பெருமை வெர்ரிக்கே உரியது.

'குற்றங்களும் தண்டனைகளும் பற்றி' என்னும் அச்சிறு நூல் 1764இல், மிலானில் அன்று, லிவோர்னோ நகரில், ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 26. 1766இல் ரோமாபுரியின் தடைநூற் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் வோல்த்தேர் அதற்கு விளக்கவுரை எழுதினார்.

நூலைப் படிப்பவர் கண்ணீரை எதிர்பார்த்தால் ஏமாறுவர். பெக்காரியா இரக்கத்தைவிடக் கணக்கையே பெரிதும் நம்பினார். மனிதர் தம் சுதந்திரத்தில் மிகச் சிறிய பகுதியை விட்டுக்கொடுத்தே அரசை அமைத்தனர். அவர்களுள் எவன் தன் உயிரையே பிறர் கையில் ஒப்படைத்திருப்பான் என்று வினவினார். தண்டனையின் கொடுமையன்று, அது தப்பாது வந்து சேரும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்றார். கொலையை வெறுக்கும் சட்டம் தானே கொலை செய்து காட்டுவது எத்தகைய பாடம் என்றும், சட்டத்தின் ஊழியனாகிய கொலையாளியை மக்கள் ஏன் அருவருக்கின்றனர் என்றும் கேட்டார். நாட்டில் ஒழுங்கு குலைந்து, சிறையிலிருந்தும் ஒருவன் அரசைக் கவிழ்க்க வல்லவனாயின், அவ்வேளைக்கு மாத்திரம் விலக்கு வைத்தார்.

இவ்வளவும் நன்று. ஆனால், தூக்குக்குப் பதிலாக அவர் தந்தது யாது? ஆயுள் முழுவதும் விலங்குபூண்டு, பொதி சுமக்கும் மிருகம்போல் உழைப்பது. தூக்குமரத்தின் காட்சி ஒரு கணத்தில் மறையும். விலங்குபூண்டவனின் காட்சியோ பல்லாண்டு நின்று அச்சுறுத்தும் என்பது அவர் கணக்கு. கழுத்துக் கயிற்றைக் கழற்றிக் காலிலே விலங்கைப் பூட்டினார் என்றே சொல்வேன். மாணவர்கள் இந்த இடத்தைத் தாண்டிச் செல்லாமல் நின்று சிந்திக்கவேண்டும்.

மறுபக்கத்தாரும் இலேசானவர்கள் அல்லர். செருமானிய ஞானி கான்ட் 1797இல் பெக்காரியாவின் வாதத்தை மிகையான மென்னெஞ்சின் விளைவென ஒதுக்கினார். எவனும் தண்டனைக்கு உடன்பட்டுத் தண்டிக்கப்படுவதில்லை. தண்டனைக்குரிய செயலைச் செய்ய விரும்பியதனாலேயே தண்டிக்கப்படுகிறான் என்பது அவர் கொள்கை. ஒரு தீவின் மக்கள் தம் சமுதாயத்தைக் கலைத்துப் பிரிந்து செல்வதாயினும், சிறையிலுள்ள கடைசிக் கொலைஞனைக் கொன்ற பின்னரே பிரியவேண்டும் என்றார். நம் வள்ளுவரும் செங்கோன்மை அதிகாரத்தில் கொடியோரைக் கொலையால் ஒறுத்தலைப் பயிருக்குக் களை பறிப்பதோடு ஒப்பிடுகிறார். கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவர் அவர் என்பதையும் மறத்தற்கில்லை.

எல்லாரிலும் கூரிய எதிர்வாதம் செய்தவர், சுதந்திரத்தின் தத்துவாசிரியரெனப் போற்றப்படும் யோன் ஸ்டூவாட் மில். 1868இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அவர் பெக்காரியாவின் தராசையே தலைகீழாகப் பிடித்தார். ஆயுட்கால வன்சிறை உண்மையில் மரணத்திலும் கொடியது, ஆனால் பார்ப்பவரை அவ்வளவாக அச்சுறுத்தாது. மரணம் அச்சுறுத்தும், ஆனால் துன்பம் குறைவு. ஆதலின் கொடிய கொலைக்கு மரணமே கருணை என்று வாதித்தார். நூலில் உள்ள பெக்காரியாவால் இதற்கு விடை கூற இயலாதென்பதே என் எண்ணம்.

இவ்வழக்கு நம் தீவுக்கும் தூரத்ததன்று. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசாங்கம் மரண தண்டனையை நிறுத்திவைத்தது. நோர்வல் மொரிஸ் தலைமையிலான விசாரணைக்குழு 1959இல் அறிக்கை அளித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பிரதமரே சுட்டுக் கொல்லப்பட, தண்டனை மீண்டது. சுட்ட சோமராம தேரர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். 1976க்குப் பின் இங்கே எவரும் தூக்கிலிடப்படவில்லையெனினும், தண்டனை சட்டப் புத்தகத்தை விட்டு நீங்கவில்லை.

பெக்காரியாவின் புகழுக்குத் திரும்புவோம். 1766இல் பாரிசு நகரம் அவரை அழைத்தது. அலெசாந்துரோவுடன் சென்றவர், மனைவியைப் பிரிந்திருக்க மாட்டாமல் சில வாரங்களிலேயே ஓடிவந்துவிட்டார். வெர்ரி சகோதரரின் நட்பும் அதனோடு முறிந்தது. உருசியப் பேரரசி கத்தரீனின் அழைப்பையும் ஏற்கவில்லை. மிலானிலேயே பொருளாதாரம் கற்பித்தார். 1771 முதல் அரச சேவையிற் புகுந்து தானியம், நாணயம், எடை, அளவை என்று இருபதாண்டுக்கு மேல் கோப்புகளிடையே வாழ்ந்தார். அத்தகைய நூல் ஒன்று அவர் கையிலிருந்து மீண்டும் பிறக்கவில்லை. 1774இல் தெரேசா இறந்தாள். சில மாதங்களுக்குள் அவர் மறுமணம் செய்துகொண்டார். யூலியா கன்னிமடத்தில் விடப்பட்டாள். பின்னாளில் தாயின் சொத்துப் பற்றித் தந்தைக்கும் மகளுக்கும் பிணக்கு ஏற்பட்டது. கைதிகளுக்காக வாதாடியவர் பெற்ற மகளிடத்தில் இவ்வளவு கடுமையாய் இருந்தாரே என்று எனக்கு வருத்தமுண்டு.

இதற்கிடையில் நூல் தன் வேலையைச் செய்தது. 1786 நவம்பர் 30இல் தொஸ்கானா நாட்டின் கோமான் லியோபோல்டு மரண தண்டனையை முற்றாக ஒழித்தார். பின்னர் அவரே பேரரசராகி, லொம்பார்டியின் குற்றவியற் சட்டத்தைத் திருத்த ஒரு குழுவை அமைத்தபோது, அதில் பெக்காரியாவும் ஓர் உறுப்பினர். மரண தண்டனையை வைத்திருக்கவேண்டும் என்றனர் பெரும்பாலார். 1792இல் பெக்காரியாவும் கல்லராத்தி ஸ்கொத்தி, ரிசி என்ற இருவரும் தனியே கையொப்பமிட்டு மாறுபட்ட கருத்தொன்றை எழுதினர். சிறு நூலில் முதன்மை பெறாத ஒரு வாதம் அங்கேதான் முன்னணிக்கு வருகிறது. மனிதர் தரும் சான்று எத்துணை வலியதாயினும் தவறக்கூடியது. மற்றத் தண்டனைகளில் தவறு தெரிந்தால் மீட்க இடமுண்டு, இதில் இல்லை என்றனர் அம்மூவரும்.

சுதந்திரம், உடன்படிக்கை, பயன் என்னும் தத்துவங்களையெல்லாம் விட்டு, அலுவலகத்தில் முதுமையெய்திய ஒருவர் எழுதிய எளிய வாதம் இது. பழித்தூணை அவர் அப்போது நினைத்திருப்பாரா? மிலான் நகரத்தாருக்கு நினைவூட்டத் தேவையில்லை என்றே கருதுகிறேன். 1868இல் மில்லும், இந்த ஓர் எதிர்வாதத்துக்கு வலுவுண்டென ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தின் நீதிமுறை தவறுக்கு இடங்கொடாது என்ற நம்பிக்கையையே அதற்குத் துணையாய்க் கொண்டார்.

அந்த 1792ஆம் ஆண்டின் தாள்கள் பல்லாண்டு அச்சேறாமற் கிடந்தன. லியோபோல்டு அவ்வாண்டு மார்ச்சில் இறந்தார். ஏப்ரலில் பாரிசு நகரில் கில்லட்டின் வேலையைத் தொடங்கியது. 1791இல் மரண தண்டனையை எதிர்த்துப் பேசிய உரோபெசுபியர் 1794 யூலையில் அதன் கீழேயே தலையிழந்தார். அவ்வாண்டு நவம்பர் 28இல் பெக்காரியா மிலானில் காலமானார். நகரம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. அப்போது யூலியாவின் மகனுக்கு வயது ஒன்பது. அலெசாந்துரோ மன்சோனி என்னும் அச்சிறுவன் வளர்ந்து இத்தாலியின் பெருநாவலாசிரியனானான். தன் நாவலின் திருத்திய பதிப்போடு அவன் இணைத்து வெளியிட்ட தனி நூலின் பெயர் 'பழித்தூணின் வரலாறு'.