மார்கிரட் அம்மையாரின் சீருடை

மார்கிரட் பேர்க்-வைட் என்ற பெயர் நம் மாணவிகள் பலருக்குப் புதிதாக இருக்கலாம். அவர் எடுத்த ஒரு படத்தையோ அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முன்னால் இராட்டினம் நிற்க, பின்னால் தரையில் அமர்ந்து காந்தியடிகள் எதையோ வாசித்துக்கொண்டிருக்கும் படம் அது. 1946இல் அந்தப் படத்தை எடுக்கப் போனபோது, முதலில் நூல் நூற்கப் பழகிக்கொண்டு வரும்படி காந்தியடிகளின் செயலாளர் சொல்லிவிட்டாராம். அம்மையாரும் உட்கார்ந்து பழகினார்.

இரண்டாம் உலகப் போர்க்கால மனிதர்களாக மாணவிகள் வேடமிட்டு வரும் நிகழ்ச்சிக்கு எங்கள் மாணவி ஒருத்தி இவரைத் தெரிவு செய்தாள். உடுப்புச் சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட திருகோணமலைத் துறைமுகத்திலேயே அவரை நிறுத்தினால் என்ன என்று ஒரு யோசனை எழுந்தது. நான் உடன்படவில்லை. அவர் கண்ட போர் ருஷ்யாவிலும் வட ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் ஜேர்மனியிலும் நடந்தது. எனவே 1943இல் வட ஆபிரிக்காவில் நின்ற மார்கிரட்டாகவே உடுத்தத் தீர்மானித்தோம்.

1904இல் நியூயோர்க்கில் பிறந்தவர். தொழிற்சாலைகளைப் படம் பிடித்துப் பெயர் பெற்றார். 1936இல் லைஃப் சஞ்சிகையின் முதல் இதழ் அட்டையில் வந்த அணைக்கட்டுப் படம் அவருடையது. 1941இல் ஜேர்மனியர் மொஸ்கோ மீது குண்டு வீசியபோதும் அங்கிருந்து படமெடுத்தார்.

மறு ஆண்டு அமெரிக்க இராணுவம் அவரைப் போர்ச் செய்தியாளராக ஏற்றது. பெண் செய்தியாளருக்கென்று ஓர் உடை அதுவரை இராணுவத்திடம் இல்லை, அவருக்காகவே வடிவமைத்தார்கள். அதிகாரிகளின் மேற்சட்டை போன்றதுதான். காற்சட்டையும் உண்டு, பாவாடையும் உண்டு. பதவிச் சின்னங்கள் மட்டும் கிடையா. அந்த இடத்தில் செய்தியாளர் என்று காட்டும் சின்னம் இருக்கும். நாங்கள் பாவாடையைக் கணுக்கால்வரை நீட்டி, தொப்பிக்குள் முக்காட்டையும் சேர்த்தோம். அசலில் இல்லாதவைதான், ஆனால் சின்னம் சரியான இடத்தில் இருந்தால் போதும் என்பது என் கருத்து. கம்பளி உரோமம் வைத்த அந்தப் பிரபலமான விமான உடையை நம் வெயிலில் யாரால் போட முடியும்?

அந்த விமான உடைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பெண்ணுக்கு விமானப் பயணம் ஆபத்து என்று சொல்லி, 1942 டிசம்பரில் அவரை வட ஆபிரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். ஸ்ட்ராத்தலன் என்ற அந்தக் கப்பலை நீர்மூழ்கி தாக்கியது. இரவெல்லாம் உயிர்காப்புப் படகில் கிடந்தார். கமராக்களில் பெரும்பாலானவை கடலோடு போயின. கையோடு கொண்டுவந்த ஒன்றால் விடியலில் படமெடுத்தார். அதன்பின் விமானம் ஆபத்து என்று யார் சொல்ல முடியும்? 1943 ஜனவரியில் துனிஸ் விமானத்தளத்தைத் தாக்கச் சென்ற குண்டுவீச்சு விமானத்தில் அவரும் பறந்தார்.

மேற்சட்டையைக் கிளிவெட்டியில் ஓர் அக்காதான் தைத்தார். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, எங்கள் ஊர் முகாமில் பல வருடம் இருந்தவர். தைத்துக்கொண்டே கதை கேட்டார். 1945இல் புகன்வால்ட் வதைமுகாமில் கம்பிக்குப் பின்னால் நின்றவர்களை அம்மையார் எடுத்த படங்களைச் சொன்னேன். 1947இல் பிரிவினையின்போது மாட்டுவண்டியும் மூட்டையுமாக நடந்த மக்களைச் சொன்னேன். அவர்களுள் களைத்துப்போன ஒரு குடும்பத்தைப் படத்துக்காகத் திரும்பத் திரும்ப நடக்க வைத்தார் என்று கூடச் சென்ற நிருபரே பின்னாளில் கூறியதையும் மறைக்கவில்லை.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். முகாமுக்கும் கமராவோடு பலர் வந்தார்கள், தன்னையும் எடுத்தார்கள், அந்தப் படம் எதிலே வந்தது என்று இன்றுவரை தனக்குத் தெரியாது என்றார். நடந்த அந்தச் சனத்துக்குப் படத்தைக் காட்டினார்களா என்று கேட்டார். அமெரிக்கச் சஞ்சிகை வழியில் நடந்தவர்கள் கைக்கு எப்படிப் போகும் என்றேன்.

காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு அவரைச் சந்தித்தவர் அம்மையார். பிறகு பார்க்கின்சன் நோய் கைகளை முடக்கியது. ஆண்டுக்கணக்கில் அதோடு போராடி 1971இல் காலமானார். இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அக்கா மீண்டும் தைக்கத் தொடங்கியிருந்தார்.

சட்டையின் உட்பக்கத்தில், நான் சொல்லாமலே, ஒரு பை வைத்திருந்தார். படமெடுக்கும் ஆட்களின் பெயரை எழுத ஒரு சின்னக் கொப்பி அதற்குள் இருக்க வேண்டுமாம்.