கப்பலோட்டியவர் ஏற்றிய சரக்கு

பென்னாகரம் வட்டம் கடலைக் காணாத மண். ஒகேனக்கல்லில் காவிரியைக் கடக்கும் பரிசலே இப்பகுதி மக்கள் நன்கறிந்த கலம். எனினும், இவ்வட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23ஆம் நாள் கண்மூடிய சுப்பிரமணிய சிவாவின் வரலாற்றைத் தொட்டால், அது நம்மைத் தூத்துக்குடிக் கடற்கரைக்கே அழைத்துச் சென்றுவிடும். சிவாவுக்குத் துணைநின்றார், புகலிடம் தந்தார் என்பதையே குற்றமாக்கி ஒருவருக்கு ஓர் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்தாம் வ.உ. சிதம்பரனார்.

கப்பலோட்டிய தமிழர் என அவரை நாம் போற்றுகிறோம். போற்றத்தக்க பெயரே. ஆனால் அப்பெயர் ஓர் உண்மையைச் சற்றே மறைத்துவிடுகிறது என்பது எம் கருத்து. 1872 செப்டம்பர் 5இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர் மாலுமி அல்லர், வழக்கறிஞர். சுக்கான் பிடிக்கும் ஆளைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். கப்பலின் வயிற்றை நாள்தோறும் சரக்கால் நிரப்புவதற்கு வணிகர்களின் நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கையைத் திரட்டியதே அவர் செய்த பெருஞ்செயல்.

1914இல் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குத் தொடர்வண்டியும் கப்பலும் இணையும் வரை, தென்னாட்டினர் கொழும்பு செல்லத் தூத்துக்குடியே தலைவாயிலாக இருந்தது. அவ்வழியைப் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி தன் கைக்குள் வைத்திருந்தது. அதனை எதிர்த்து 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். செயலாளர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். துணைச் செயலாளர் வ.உ.சி. பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாய்க்கு, ஏற்றார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு முஸ்லிம் வணிகருடையது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பாடநூல்களில் இப்பெயர் ஒரு வரியில் கடந்து போய்விடுகிறது.

முதலில் வாடகைக் கப்பல்களே ஓடின. ஆங்கிலக் கம்பெனியின் அச்சுறுத்தலால் அவை பறிபோயின. சொந்தக் கப்பலின்றித் திரும்புவதில்லை என்னும் உறுதியோடு வ.உ.சி. பம்பாய் சென்றார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சங்கத்துக்கு உரிமையாயின. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் செல்லலாம். 4,000 மூட்டைகளும் ஏற்றலாம்.

அந்த 4,000 மூட்டைகள் கப்பலேறிய வகையை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். அந்நாளையத் தூத்துக்குடிக் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவிலேயே நங்கூரமிடும். தலைச்சுமையாகத் தோணிக்கு வந்த மூட்டை, தோணியில் அலைக்கழிந்து கப்பலின் பக்கத்தை அடையும். அங்கே பாரந்தூக்கியின் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக் கீழறைக்குள் இறக்குவர். கயிற்றை இழுக்கும் விஞ்சுப் பொறியை இயக்குபவனுக்கு அறையின் அடித்தளம் தெரியாது. அறைவாயில் நிற்பவன் காட்டும் கைச்சைகை ஒன்றே அவனுக்குக் கண். சைகை பிழைத்தால் கீழே நிற்பவன் உயிர் பிழைப்பதரிது. எடையைப் பரவலாக அடுக்காவிடில் கப்பல் ஒருபுறம் சாயும். நனைந்த மூட்டைக்கு வணிகர் கணக்குக் கேட்பார்.

கம்பியில்லாத் தந்தி எல்லாக் கப்பலுக்கும் வாராத காலம் அது. கப்பல் கரையோடு பேசியது பகலில் கொடியாலும் இரவில் விளக்காலும்தான். வெள்ளைச் சதுரம் நடுவே அமைந்த நீலக்கொடி ஏறினால், கப்பல் புறப்பட இருக்கிறது, பயணிகள் விரைக என்று பொருள். இத்தனை கைகளும் கண்களும் ஒத்துழைத்தால்தான் ஒரு பயணம் நிறைவேறும்.

பகைவர் தாக்கியதும் இவ்வருவாயைத்தான். ஆங்கிலக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிச் சங்கம் 8 அணாவாக்கியது. அவர்களோ இலவசமாகவே ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தனர் என்பர். பல கடல்வழிகளில் பொருளீட்டுபவர் ஒரு வழியில் இழப்பைத் தாங்கலாம். இரண்டே கப்பல் உடையவர் தாங்குவது எங்ஙனம்?

1908 தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி.யும் சிவாவும் துணைநின்றனர். மார்ச் 12இல் கைதாயினர். ஜூலையில் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகளும் சிவாவுக்கு 10 ஆண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்கு மாற்றாக அவர் செக்கிழுத்தார். சிறையிலிருந்தபோதே, 1911இல், சங்கம் கலைக்கப்பட்டது, கப்பல்கள் கைமாறின. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைவாயிலில் அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. சிறையில் தொழுநோய் பற்றிய உடலோடு சிவா நின்றிருந்தார் என்பர்.

பின்னைய வாழ்வு வறுமையின் வரலாறு. சென்னையில் சிறுகடைகள் நடத்தியும் பிழைப்பு நடவாது தவித்தார். பறிக்கப்பட்ட வழக்கறிஞர் உரிமையை மீட்டுத் தந்த வாலஸ் துரையின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில நீதிமன்றத்தால் நொறுக்கப்பட்டவர் ஓர் ஆங்கிலேயரிடம் காட்டிய இந்நன்றியை நாம் எளிதில் கடந்துவிட இயலாது. அவ்வறுமைக்கிடையிலும் தமிழ்ப்பணி நிற்கவில்லை. சிறையிலேயே தன் வரலாற்றைச் செய்யுளாக எழுதத் தொடங்கியவர், தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். அறத்துப்பாலுக்கு உரை கண்டார்.

1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியிலேயே மறைந்தார். அங்கே ஆழமான புதிய துறைமுகம் எழுந்து 1974இல் பெருந்துறைமுகமாயிற்று. 2011 முதல் அது அவர் பெயரைத் தாங்குகிறது. கப்பல்கள் அங்கே கரையணைந்தே சரக்கேற்றுகின்றன.