லைனஸ் போலிங் (1901 – 1994)

மாணவர்களே, சேர்வையொன்று அயன் சேர்வையா, முனைவுள்ள பங்கீட்டுவலுச் சேர்வையா, முனைவற்றதா என வினவப்பட்டால் நீங்கள் உடனே மின்னெதிர்த்தன்மைப் பெறுமானங்களை நோக்குகிறீர்கள். அப்பெறுமானங்களுக்கு வழிவகுத்தவரே லைனஸ் போலிங்.

இவர் 1901 பெப்ரவரி 28 இல் ஐக்கிய அமெரிக்காவின் போட்லண்ட் நகரில் மருந்தாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். பாடசாலைச் சான்றிதழ் கிடைக்காமலேயே 1917 இல் ஓரிகன் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். 1919 இல் பணமின்றிப் படிப்பு தடைப்பட்டது. வீதி அமைக்கும் பணியில் வேலை செய்துகொண்டிருந்த அவரை, அக்கல்லூரியே இரசாயனம் கற்பிக்க அழைத்தது. 1925 இல் கலிபோர்னியா தொழினுட்ப நிறுவகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

போலிங் பிணைப்புச் சக்திகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். நீங்களும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மூலுக்கு H–H பிணைப்பின் சக்தி 436 கிலோயூல். Cl–Cl பிணைப்பினது 242 கிலோயூல். இவற்றின் சராசரி 339. ஆனால் H–Cl பிணைப்பின் சக்தியோ 431 கிலோயூல். இந்த மேலதிக வலிமை எங்கிருந்து வந்தது? குளோரீன் அணு இலத்திரன் சோடியைத் தன் பக்கம் கூடுதலாக ஈர்ப்பதனால் வந்தது. இம்மேலதிகத்தைக் கொண்டே 1932 இல் அவர் மின்னெதிர்த்தன்மை அளவுத்திட்டத்தை அமைத்தார்.

அணுக்களுக்கிடையிலான வித்தியாசத்தைக் கவனியுங்கள்:
Cl–Cl: 0 – முனைவற்றது.
H–Cl: 3.2 – 2.2 = 1.0 – முனைவுள்ளது.
Na–Cl: 3.2 – 0.9 = 2.3 – அயன் பிணைப்பு.

வித்தியாசம் ஏறத்தாழ 1.7 ஐத் தாண்டினால் அயன் இயல்பு மேலோங்கும். எனினும் இது ஒரு மதில் அன்று. ஐதரசன் புளோரைட்டில் வித்தியாசம் 1.8, ஆயினும் அது 20°C அளவில் கொதிக்கும் பங்கீட்டுவலுச் சேர்வையே. சோடியம் குளோரைட்டு உருகுவதற்கே 801°C தேவை. ஆகவே எண்ணுடன் பௌதிக இயல்புகளையும் நோக்குங்கள். மூலக்கூறின் வடிவத்தையும் மறவாதீர்கள்: காபன் நாற்குளோரைட்டின் பிணைப்புகள் முனைவுள்ளவை, சமச்சீரான நான்முகி வடிவத்தால் மூலக்கூறு முனைவற்றது.

போலிங் 1954 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அணுகுண்டுப் பரிசோதனைகளை நிறுத்தக் கோரி 11,000 இற்கு மேற்பட்ட விஞ்ஞானிகளின் கையொப்பங்களை 1958 இல் ஐக்கிய நாடுகள் சபையிடம் கையளித்தார். 1962 ஆம் ஆண்டுக்கான சமாதானப் பரிசும் அவருக்கே கிடைத்தது. அன்று மறுக்கப்பட்ட பாடசாலைச் சான்றிதழும் 1962 இலேயே வழங்கப்பட்டது. 1994 ஓகஸ்ட் 19 இல் காலமானார்.

பரீட்சையில் விடையை மட்டும் எழுதாது, இலத்திரன் சோடி எவ்வணுவின் பக்கம் சாய்கின்றது என்ற காரணத்தையும் எழுதுங்கள்.